எதை எடுத்தாலும் மூன்று வாரம்தான்!

கேள்வி: எனக்கு வயது 44. கணக்குப் பிரிவில் 19 ஆண்டுகளாக ஒரே வேலை. மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், கடன் தீர்ந்த வீடு. குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் காலையில் கண் விழிக்கும்போதே ‘இன்றைக்கும் இதேதானா’ என்று தோன்றுகிறது. மாலையில் வீட்டுக்கு வந்து போனைக் கையில் எடுத்தால் பதினொன்றரை மணிக்குத்தான் வைக்கிறேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ‘ஏதாவது ஹாபி வைத்துக்கொள்ளுங்கள்’ என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். முயற்சி செய்யாமல் இல்லை. கீபோர்டு வாங்கினேன், மூன்று வாரம். வாட்டர்கலரில் நான்கு ஓவியம் வரைந்து இணையத்தில் போட்டேன், பதினோரு பேர் லைக் போட்டார்கள், அதோடு சரி. காலையில் ஓடப் போனேன், மழை வந்தது, நின்றுவிட்டது. ஸ்பானிஷ் மொழி ஆப்பில் 47 நாள் விடாமல் படித்தேன். 48ஆம் நாள் மறந்துவிட்டேன், அப்புறம் திறக்கவே இல்லை. எல்லாம் அலமாரியின் மேல் தட்டில் கிடக்கின்றன. பார்த்தாலே அவமானமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மகளோடு செஸ் ஆடும்போது மட்டும் நேரம் போவது தெரிவதில்லை. சிறுவயதில் மாடியில் படுத்து நட்சத்திரம் பார்ப்பேன், அதெல்லாம் ஒரு காலம். எனக்கு உண்மையில் என்ன பிடிக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, வாழ்க்கை சலித்துப்போன ஒருவர் தெரிந்தார். இரண்டாம் முறை, தான் விட்டதையெல்லாம் நாள் கணக்கு, ஆள் கணக்கு தவறாமல் மனதில் வைத்திருக்கும் ஒருவர் தெரிந்தார். நான்கு ஓவியம், பதினோரு லைக், 47 நாள். அக்கறை செத்துப்போனவருக்கு இந்த எண்கள் நினைவில் நிற்காது. (உங்கள் தொழிலே கணக்கு என்பதைக் கழித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.)

ஹாபிக்குப் போகுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாக எல்லா நாளும், முன்பு பிடித்த எதிலுமே நாட்டம் இல்லை. தூக்கமும் பசியும் மாறியிருக்கின்றன. தன்னைப் பற்றி நினைத்தாலே கேவலமாக இருக்கிறது. இருந்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறது என்றால் அது சலிப்பு அல்ல. மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குக் கீபோர்டு மருந்தாகாது, மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் கடைசியாகச் சொன்ன எண்ணம் வந்தால், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். உடம்பும் காரணமாக இருக்கலாம். தைராய்டு குறைவாகச் சுரந்தாலோ, ரத்தசோகை இருந்தாலோ, வைட்டமின் பி12 குறைந்தாலோ மனிதர் இப்படித்தான் மந்தமாகிப்போவார். 44 வயதில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பதில் நஷ்டம் இல்லை. ஆனால் மகளோடு செஸ் ஆடினால் நேரம் போவது தெரியவில்லை என்கிறீர்கள். மனச்சோர்வு பெரும்பாலும் அந்த ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. அதனால் கொஞ்சம் தைரியமாகவே மேலே போகிறேன்.

இந்த நிலையைத் தமிழில் நாம் மூன்றாகப் பிரித்துச் சொல்ல முடியும். அலுப்பு, சலிப்பு, வெறுமை. அலுப்புக்கு ஓய்வு போதும். சலிப்பு என்பது ஏதாவது செய்ய வேண்டும் என்ற உந்துதல் இருந்தும் மனம் எதிலும் ஒட்டாத நிலை. வெறுமையில் அந்த உந்துதலும் இருக்காது. மாலை முழுக்கப் போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறீர்களே, அதைப் பலர் சோம்பல் என்பார்கள். எனக்கு அது மனம் உட்கார இடம் தேடி அலைவதாகத்தான் தெரிகிறது. ஆக, உங்களுடையது சலிப்பு. உந்துதல் இருக்கிறது.

சலிப்பு எவ்வளவு கொடியது என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். 2014இல் திமோதி வில்சன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஆட்களைத் தனி அறையில் 15 நிமிடம் சும்மா உட்கார வைத்தார்கள். கையில் போன் இல்லை, புத்தகம் இல்லை. ஒரு பொத்தான் மட்டும் உண்டு, அழுத்தினால் தங்களுக்கே மின் அதிர்ச்சி விழும். காசு கொடுத்தாவது அந்த அதிர்ச்சியைத் தவிர்ப்போம் என்று முன்பே சொன்னவர்கள்தான் அத்தனை பேரும். அப்படியும் 18 ஆண்களில் 12 பேர் ஒரு தடவையாவது அதை அழுத்தினார்கள். பெண்களில் 24 பேருக்கு 6 பேர். ஆண்கள் ஏன் இப்படி என்ற ஆராய்ச்சியை உங்கள் மனைவியிடம் விட்டுவிடுகிறேன். உங்கள் போனும் ஏறக்குறைய அந்தப் பொத்தான் மாதிரிதான் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருவோம். எனக்கு என்ன பிடிக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என்னைக் கேட்டால், உங்களை மூன்றாவது வாரத்தில் கவிழ்ப்பதே இந்தக் கேள்விதான்.

‘பிடித்தது’ என்று ஒன்று ஏற்கெனவே உள்ளே முழுசாக உட்கார்ந்திருக்கிறது, சரியான கதவைத் திறந்தால் அது வெளியே வந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். அதனால் கீபோர்டு கசந்தவுடன் ‘சரி, இது என் கதவு இல்லை’ என்று அடுத்ததற்குப் போகிறீர்கள். 2018இல் ஓகீஃப், டுவெக், வால்டன் என்ற மூன்று உளவியலாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். கல்லூரி மாணவர்களுக்குக் கருந்துளைகளைப் பற்றி ரசிக்கும்படியான ஒரு வீடியோ காட்டினார்கள். ஏறக்குறைய எல்லோரும் சொக்கிப்போனார்கள். அடுத்து அதே பொருளில் கடினமான ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது பிறவியிலேயே அமைந்தது என்று முன்கூட்டியே நம்ப வைக்கப்பட்டவர்களுக்குத்தான் அந்த இடத்தில் ஆர்வம் அதிகமாகச் சரிந்தது. ஆர்வம் வளரக்கூடியது என்று நம்ப வைக்கப்பட்டவர்களுக்கு அவ்வளவாகச் சரியவில்லை. கட்டுரை எல்லோருக்கும் ஒன்றுதான்.

அந்தச் சரிவு ஏன் மூன்றாவது வாரத்தில் வருகிறது? இது நான் ஆலோசனைக்கு வருபவர்களிடம் பார்த்தது, என்னிடமே பார்த்ததும்கூட. முதல் வாரத்தில் எல்லாமே லாபம். நேற்று தெரியாதது இன்று தெரிகிறது, ஒரு விரலில் ஒரு மெட்டு வந்துவிடுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் என்ன ஆகிறது தெரியுமா? காது முந்திக்கொள்கிறது, விரல் பின்தங்கிவிடுகிறது. நல்ல வாசிப்பு எது, தப்பு எது என்று காதுக்குப் பிடிபட ஆரம்பிக்கும்போது, விரல் இன்னும் பழைய இடத்திலேயே தடுமாறிக்கொண்டிருக்கும். அதனால் முதல் வாரத்தைவிட மோசமாக வாசிப்பதாக உங்களுக்கே தோன்றும். வாசிப்பு மோசமாகவில்லை, கேட்கும் திறன் கூடிவிட்டது. ‘எனக்கு இது வராது’ என்று நீங்கள் மூடிவைத்த அந்த நாள், உண்மையில் கற்கத் தொடங்கிய நாள். சித்திரமும் கைப்பழக்கம் என்று நம்மவர்கள் சொன்னதில் ‘கை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கண்ணுக்குப் பழகுவது சீக்கிரம். கைக்குத்தான் நாள் ஆகும். என் மேசை இழுப்பறையில் ஒரு புல்லாங்குழல் இருக்கிறது. இந்த விஷயம் எனக்குப் புரிவதற்கு முன்னால் வாங்கியது.

‘ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்’ என்ற பழமொழி உங்களுக்குத் தெரிந்திருக்கும். லண்டனில் பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாவதற்கு ஆன காலத்தின் நடு எண் 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 வரைகூட. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஆசை கைவிட்டு ஒரு வாரம் பொறுத்தால் பழக்கம் வந்து தாங்கிக்கொள்கிறது! பழமொழியையும் ஆய்வையும் இப்படி முடிச்சுப் போடுவது விஞ்ஞானம் இல்லை, என் குறும்பு. ஆனால் அதே ஆய்வில் உங்களுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் இல்லை. உங்கள் ஸ்பானிஷ் 48ஆம் நாள் செத்துப்போகவில்லை. 49ஆம் நாள் ஆப்பைத் திறந்து, நாள் கணக்கு பூஜ்யமாகிவிட்டதைப் பார்க்க நீங்கள் கூச்சப்பட்டீர்கள், அவ்வளவுதான். 47 நாளில் கற்ற சொற்களை எந்த ஆப்பும் அழித்துவிட முடியாது. ஆனால் யாரோடு பேசுவதற்காக ஸ்பானிஷ் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. எனக்கென்னவோ, உங்களுக்குப் பிடித்தது அந்த மொழியைவிட, விடாமல் கூடிக்கொண்டே போன அந்த எண்தான் என்று தோன்றுகிறது. அதனால் அதை விட்டுவிடலாம். ஓட்டத்தையும் விடலாம், மழையைக் காரணம் காட்டி நிற்பவருக்கு ஓட்டம் முதலிலேயே பெரிதாக வேண்டியிருக்கவில்லை. நடந்தால் போதும்.

வாட்டர்கலர் கதை வேறு. நான்காவது ஓவியத்தை வரையும்போது அதைப் பார்க்கப்போகிறவர்கள் உங்கள் தலைக்குள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பதினோரு பேர் என்பது ஓர் அறை நிறைய ஆட்கள். ஆனால் திரையில் பார்த்தால் அது தோல்வி மாதிரி இருக்கிறது. மறுபடி வரைந்தால் யாருக்கும் காட்டாதீர்கள். வரையாவிட்டாலும் ஒன்றும் குறைந்துபோகாது, அந்த வண்ணங்களை யாராவது ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள்.

அந்த மேல் தட்டைக் காலி செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன். கீபோர்டு மட்டும் இருக்கட்டும். அதையும் அலமாரியில் இருந்து இறக்கி, கால் இடறும் இடத்தில் வையுங்கள். இறக்கி, துடைத்து, அடாப்டரைத் தேடி மாட்டினால்தான் வாசிக்க முடியும் என்றால் எந்த மனிதரும் வாசிக்க மாட்டார். இரவுச் சாப்பாடு முடிந்தவுடன் பத்தே நிமிடம். இன்னும் வாசிக்கலாம் போலிருக்கும்போதே எழுந்துவிடுங்கள். அரைகுறையாக விட்டது மறுநாள் கூப்பிடும், முழுசாக முடித்தது கூப்பிடாது. எட்டு வாரம் வரை நன்றாக வருகிறதா, விட்டுவிடலாமா என்ற விசாரணையே வேண்டாம்.

மனைவியிடம் பெரிதாக அறிவிக்க வேண்டாம். ஐந்தாவது அறிவிப்பை அவரும் நம்ப மாட்டார், அது நியாயம்தான்.

இதோடு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் தொழிலுக்கு இது சுலபம். ஒரு வேலையைத் தொடங்கும் முன், ‘இது எனக்கு எவ்வளவு ரசிக்கும்’ என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் போடுங்கள். முடித்தபின் உண்மையில் எவ்வளவு ரசித்தது என்று பக்கத்தில் இன்னோர் எண். கீபோர்டுக்கு மட்டுமல்ல. நடை, போன், நண்பரோடு பேச்சு, அலமாரியை ஒழுங்கு செய்தது என எல்லாவற்றுக்கும் போடுங்கள். பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் 1970களில் மனச்சோர்வுக்கு வகுத்த சிகிச்சை முறையின் வழியில் வந்தது இது. மனம் நன்றாக ஆனபிறகு செயலில் இறங்கலாம் என்று காத்திருக்காமல், முதலில் செயல், மனம் பின்னாலேயே வரட்டும் என்பது அந்த முறையின் அடிப்படை. சலிப்புக்கும் நான் இதைக் கொடுப்பதுண்டு. பலருடைய நோட்டில் ஒரே மாதிரி வரும். நடைக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஐந்தோ ஆறோ. போனுக்கு முன்னால் ஆறு, பின்னால் இரண்டு. சலித்த மனம் மோசமான ஜோசியர். எது பிடிக்கும் என்று அதனிடம் போய்க் கேட்டால் தப்பாகத்தான் சொல்லும். மூன்று வாரக் கணக்கு கையில் இருந்தால் அதனிடம் கேட்கவே வேண்டியதில்லை.

இனி, கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் சொல்லிவிட்டுப்போன அந்த வரி. மாடியில் படுத்து நட்சத்திரம் பார்த்தது. ‘அதெல்லாம் ஒரு காலம்’ என்று முடித்திருக்கிறீர்கள். வியாழன் கோளுக்குக் காலம் எல்லாம் கிடையாது, அது அங்கேயேதான் இருக்கிறது.

இதைப் பிடித்துக்கொண்டு நான் கொஞ்சம் அதிகம் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருளை வாங்கினாலும், எந்த வசதி வந்தாலும் மனம் சீக்கிரமே அதற்குப் பழகிவிடும். பிரிக்மன், கேம்பெல் என்ற இருவர் 1971லேயே இதை ஓடுபொறிமேல் (ட்ரெட்மில்) ஓடுவதோடு ஒப்பிட்டார்கள். எவ்வளவு ஓடினாலும் நிற்பது அதே இடம். உங்கள் வீட்டுக் கடன் தீர்ந்தது எத்தனை நாள் சந்தோஷம் தந்தது என்று யோசித்துப் பாருங்கள். அதனால் பொழுதுபோக்கைத் தேடும்போது தானாகவே மாறிக்கொண்டிருப்பதாகப் பார்த்துத் தேடுவது நல்லது. வானம் அப்படிப்பட்டது. நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் நாளைக்கு அது வேறாக இருக்கும்.

எதையும் வாங்காதீர்கள். வாங்குவதுதான் உங்கள் முதல் வாரத்தின் சந்தோஷமாக இருந்துவந்திருக்கிறது. முதல் மாதம் வெறும் கண்ணே போதும். வளர்பிறையில் தொடங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று, நிலா எங்கே இருக்கிறது என்று நோட்டில் புள்ளி வையுங்கள். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை (டிகிரி). நிலா ஒரு நாளைக்குச் சராசரியாக 13 பாகை கிழக்கே நகர்கிறது, ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேல். இதைப் படிப்பது வேறு, உங்கள் முஷ்டியாலேயே அளந்து பார்ப்பது வேறு. அறுமீன் கூட்டம், அதாவது கார்த்திகை, கண்ணில் பட்டால் எத்தனை மீன் தெரிகிறது என்று எண்ணுங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை போனைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். உங்கள் போனுக்கு இதைவிட நல்ல எதிரியை என்னால் யோசிக்க முடியவில்லை.

ஒரு மாதம் தாண்டினால், யாரிடமாவது இரவல் வாங்கியாவது ஒரு சாதாரணப் பைனாகுலர். பத்து மடங்கு பெருக்கமும் 50 மில்லிமீட்டர் லென்ஸும் உள்ளது போதும். முழங்கைகளைச் சுவரில் ஊன்றிக்கொண்டு வியாழனைப் பாருங்கள். ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள் வரை தெரியும். அவை வியாழனின் நிலாக்கள். 1610 ஜனவரியில் கலிலியோ அவற்றைக் கண்டபோது முதலில் மூன்றுதான் தெரிந்தன, அவரும் சாதாரண நட்சத்திரங்கள் என்றே நினைத்தார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறியதை வரைந்து வரைந்துதான் உண்மையைப் பிடித்தார். நீங்களும் நான்கு புள்ளிகளை வரையுங்கள். நேற்றைய படத்தோடு ஒத்துப்போகாது. நிலாவைப் பார்க்க முழுநிலா நாள் வேண்டாம், அன்று நிழலே விழாமல் தட்டையாக இருக்கும். அரைநிலா நாளில் ஒளியும் இருளும் சேரும் அந்த விளிம்பில் பாருங்கள், பள்ளங்கள் எழுந்து நிற்கும். நகர வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நிலாவுக்கும் வியாழனுக்கும் அது தடையே இல்லை.

இதெல்லாம் வேலைக்கு ஆகுமா என்று உங்கள் கணக்கு மனம் கேட்கும். ஆக வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் கேட்கிற மனதுக்காக ஒன்று. விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்களே பார்த்து வகைப்படுத்தும் ‘கேலக்ஸி ஸூ’ என்ற இணையத் திட்டம் 2007இல் தொடங்கியது. அதே ஆண்டில் ஹன்னி வான் ஆர்கெல் என்ற நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை, ஒரு படத்தில் இருந்த விநோதமான திட்டைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். வானியலாளர்களுக்கும் அது புதிது. ‘ஹன்னியின் பொருள்’ என்று அவருடைய டச்சு மொழியிலேயே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

செஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. உங்களிடம் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான், தயவுசெய்து அதை ஹாபி ஆக்கிவிடாதீர்கள். பயிற்சி வகுப்பு, போட்டி, பரிசு, மகளின் ‘முன்னேற்றம்’ என்று எதுவும் வேண்டாம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், வரைவதில் விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் செய்த சோதனை ஒன்று உண்டு. வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த குழந்தைகள், பிற்பாடு தாங்களாக விளையாடும் நேரத்தில், மற்றக் குழந்தைகள் வரைந்ததில் ஏறத்தாழ பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டமாகவே இருக்கட்டும். அது ஏன் சலிக்கவில்லை என்று மட்டும் கவனியுங்கள். எதிரே ஒருத்தி காத்திருக்கிறாள், ஆட்டம் உங்களுக்குச் சரிசமமாக இருக்கிறது, யாரும் மதிப்பெண் போடவில்லை. வேண்டுமானால் நிலாவுக்குப் புள்ளி வைக்கும் வேலையில் மகளையும் கூப்பிடலாம். வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

19 ஆண்டு வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சிலருடைய சலிப்பு ஹாபியால் தீராது. காரணம் மாலையில் இல்லை, பகலில் இருக்கிறது. உங்களுடையது எது என்று இந்தக் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. நோட்டில் அலுவலக வேலைகளுக்கும் எண் போட்டுப் பாருங்கள். எட்டு மணி நேரத்தில் ஒன்றுகூட மூன்றைத் தாண்டவில்லை என்றால், வேறு பிரிவுக்கு மாறுவதா, புதிதாக வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைக் கேட்பதா என்று அந்தப் பேச்சைத் தனியாகப் பேசுவோம்.

இப்போதைக்கு அந்த அடாப்டர் எங்கே இருக்கிறது என்று தேடி வையுங்கள். எட்டு வாரம் கழித்து எழுதுங்கள், நோட்டில் உள்ள எண்களையும் சேர்த்து. நடுவில் எத்தனை நாள் விட்டுப்போனது என்ற கணக்கு மட்டும் எனக்கு வேண்டாம்.